துரை பூட்ஸைக் கழற்றிய கோயில்

வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவன் என்று யாரிடமாவது சொன்னால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். பத்து விரலும் இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். இருக்கிறது ஐயா, நன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். விரல் போகாமல் வேலையை முடித்தவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த கிடங்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் புது ஸ்டோர்கீப்பர் பதுளையில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். "இப்பல்லாம் கம்பி இழுத்து எட்ட நின்னு வெடிக்கப் பழகிட்டாங்க. கெடங்குக்குள்ள போறப்ப மட்டும் இன்னும் செருப்பக் கழட்டச் சொல்றாங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டார். செருப்பு ஆணி கல்லில் உரசினால் பொறி பறக்கும், அதற்காகத்தான் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். நான் சொன்னது பாதி. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வாயால் வந்த வினை அது, அதனால் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். எழுதப் படிக்கத் தெரிந்த புண்ணியத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், ரோட்டு வேலையில் வெடிமருந்துப் பெட்டிக்குக் காவலாகப் போனேன். அங்கே மூன்று வருடம் வாங்கிய திட்டுதான் என் படிப்பு. பிறகு பதுளைக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். தெமோதரைக்கு அப்பால் மலையைக் குடைந்துகொண்டிருந்த ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரருக்குச் சனங்கள் வைத்த பெயர் முனகல் துரை. கோபத்தில் முனகுகிற ஆளில்லை. கிடங்கு வாசலில் ஒரு பலகை போட்டிருக்கும். அதன் முன்னால் நின்று சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். பைப், புகையிலைப் பை, நெருப்புப்பெட்டி, பேனாக்கத்தி, சங்கிலியோடு கடிகாரம், சில்லறைக் காசு. எடுத்து வைக்கும்போதே ஒவ்வொன்றின் பெயரையும் இங்கிலீசில் வாய்க்குள் சொல்லிக்கொள்வார். பலகையிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார், ஆணியில்லாத கம்பளிச் செருப்பை மாட்டுவார், பித்தளைப் பூட்டைத் திறப்பார். கதவைத் திறந்ததும் உள்ளே போய்விடமாட்டார். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். அடைத்துக் கிடந்த காற்று வெளியே போகட்டும் என்று நிற்பதாக்கும். ஒரு நாளும் வரிசை மாறாது, ஒரு பொருளும் விட்டுப்போகாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. யாராவது பலகையில் எதையாவது வைக்க மறந்தால், அவர்கள் ஞாபகம் வந்து எடுத்து வைக்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பார்வைக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

முதல் நாள் அவர் என்னைக் கிடங்கைக் காட்டக் கூட்டிப்போனபோது, புதுசாகக் கட்டிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பின்னால் நடந்தேன். போய் நின்ற இடம் கோயில். கருங்கல் கோயில். தேயிலைக்கு முன்னால் இங்கே காப்பி விளைந்த காலத்துக்கும் முந்தினது, யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு சின்ன மண்டபம், அதைத் தாண்டிக் கருவறை. ஒரே வாசல், ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழக் கனம். காப்பிக் காலத்துச் சனம் அதில் மாரியம்மனை வைத்துக் கும்பிட்டது. காப்பிக்கு நோய் வந்து தோட்டம் அழிந்தபோது லயத்தையும் பிரித்துக்கொண்டு, அம்மனையும் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். வெறும் கட்டடம் காட்டுக்குள் நின்றது. ஈரம் இல்லாத இடம், ஊருக்கு ஒதுக்கம், கனத்த சுவர். மருந்து வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று துரை சொன்னார். அது சரிதான், நான் மறுக்கவில்லை.

ஆனாலும் உள்ளே எட்டிப் பார்த்ததும் திக்கென்று ஆகிவிட்டது. அம்மன் இருந்த பீடத்தின்மேல் டைனமைட் பெட்டி மூன்று அடுக்கு நின்றது. அபிஷேகத் தண்ணீர் ஓடின காடியில் மரக்கட்டை போட்டு, அதன்மேலும் பெட்டிகள். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமை கருவாடு கிடைத்தாலும் தின்கிற ஆள். இருந்தும் கையெடுத்துக் கும்பிடப்போய், யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் பாதியில் கையை இறக்கினேன். துரை அதைப் பார்த்துவிட்டார். "காலி, மேன். சாமி போயிருச்சு," என்றார்.

கோயிலைச் சுற்றி நாற்பது தப்படி தூரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டு வைத்திருந்தோம். அதைத் தாண்டி நெருப்புப் போகக்கூடாது என்பது சட்டம். வேலைக்காரச் சனங்களைக் கூட்டிவைத்து நானே சொன்னேன், துரையும் தன் தமிழில் சொன்னார். கேட்டால்தானே? விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோயில்தான் குறுக்கு வழி. சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, புகை விட்டபடி, கிடங்குச் சுவரை உரசிக்கொண்டு போவார்கள். திட்டினேன், கல்லெடுத்து எறிந்தேன், பேர் எழுதிக் கங்காணியிடம் கொடுத்தேன். "இம்புட்டுத் தூரத்துல இருக்கிற சுருட்டு ஒங்க பெட்டிய என்னா பண்ணிறப் போகுது?" என்று என்னையே நக்கல் பண்ணினார்கள்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சுருட்டோடு வந்த நாலு பேரை வெள்ளைக் கல் ஓரம் மடக்கி, கிடங்கு வாசலைக் காட்டினேன். அப்போதுதான் துரை பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டேய், கண்ணத் தொறந்து பாருங்கடா. ஊருக்கே ராசா மாதிரி நடக்கிற தொரை, எங்கயாச்சும் பூட்ஸக் கழட்டிப் பாத்திருக்கீங்களா? பங்களாவுல கழட்டுவாரா? ஆபீசுல கழட்டுவாரா? இங்க மட்டும் ஏன் கழட்டுறாரு? வாய்க்குள்ள என்னா மந்திரம் சொல்றாரு? உள்ள ஆத்தா இருக்காடா! போனவ திரும்பி வந்துட்டா. தொரைக்கே தெரிஞ்சுபோச்சு, ஒங்களுக்குத் தெரியல."

நாலு பேரும் சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார்கள். அதிலே ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு கல்லும் வேண்டாம், திட்டும் வேண்டாம். மலை முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. மருந்துப் பெட்டியோடு அடைத்த அறையில் அரை மணி நேரம் நின்றால் யாருக்கும் மண்டை பிளக்கும். மருந்தின் குணம் அது. ஆத்தாவின் உக்கிரம் என்று சனங்கள் சொன்னார்கள், நானும் ஆமாம் போட்டேன். வெள்ளைக் கல்லுக்கு உள்ளே ஒரு சுருட்டுத் துண்டு கிடைக்காது. துரை ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை," என்று என் தோளில் தட்டினார். எப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எல்லாப் பெட்டியையும் தலைகீழாகப் புரட்டிவைக்க வேண்டும். ஒரே பக்கமாக நின்றால் டைனமைட்டுக்கு வேர்த்துவிடும். அந்த வேர்வை ஒரு சொட்டுப் போதும், ஆளைத் தேட வேண்டியிருக்காது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் அடிப்பலகையையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, துரை மண்டபத்தில் நிற்க, நான் கருவறைக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவரோடு ஒட்டி அடியில் இருந்த பெட்டியைத் தடவியபோது கையில் பிசுபிசுப்பு.

உயிர் போய்விட்டது எனக்கு. கையை மெதுவாக மூக்கருகில் கொண்டுபோனேன். மருந்து நாற்றம் இல்லை. தேங்காயெண்ணெய்.

பெட்டியை நகர்த்தினேன். அதன் பின்னால், அபிஷேகத் தண்ணீர் சுவரைத் துளைத்து வெளியே விழுகிற கோமுகி. எலி வரக்கூடாதென்று நான்தான் அதன் உள்வாயைச் சாக்கால் அடைத்திருந்தேன். சாக்கை இழுத்தேன். பாதிச் சாக்குக் கருகிப்போயிருந்தது. எண்ணெய் ஊறி, விளிம்பெல்லாம் தீய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. அந்தச் சாக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரற்கடை. யாரோ வெளியிலிருந்து கோமுகிக்குள் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல தடவை. முன்பு புரட்டியபோது எண்ணெய் பெட்டி வரை ஊறியிருக்காது. நாற்பது பெட்டி டைனமைட்டுக்கு நாலு விரற்கடை தள்ளி அது எரிந்திருக்கிறது, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே காவல் இருந்திருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னா மேன்?" என்று துரை கேட்டார்.

"தலைவலிங்க," என்றேன். சாக்கை இடுப்பில் சொருகிக்கொண்டேன். யாரென்று தெரியாமல் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் பயம்.

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே போய், வடக்குச் சுவரோரம் பன்னுச்செடிப் புதருக்குள் பதுங்கினேன். மலையேறி மூடுபனி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கல்லருகில் நின்று செருப்பைக் கழற்றினாள். முந்தானையில் முடிந்திருந்ததையெல்லாம் எடுத்து, வாய்க்குள் முணுமுணுத்து, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். அச்சு அசல் துரை மாதிரியே. பிறகு அகல்விளக்கைக் கொளுத்திக்கொண்டு கோமுகியிடம் வந்தாள். காற்றில் அணையாமல் இருக்க, ஒரு குச்சியால் அதை உள்ளே தள்ளப் பார்த்தாள். நான் பாய்ந்தேன். விளக்கைப் பிடுங்கி உள்ளங்கையாலேயே அமுக்கினேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"அடி பாவி! உள்ள என்னா இருக்குன்னு தெரியுமாடி ஒனக்கு?"

அவள் பேச்சாயி. ஜல்லி சுமக்கிறவள். அவள் புருசன் வீரன், குடைவுக்குள் திரிக்கு நெருப்பு வைக்கிற ஆள். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு திரி. எல்லாவற்றுக்கும் நெருப்பு வைத்துவிட்டு, வீரன் நடந்துதான் வெளியே வருவான். ஓடவே மாட்டான். ஓடினால் வழுக்கும், வழுக்கினால் போச்சு என்பான். அவன் வெளியே வந்து பீடி பற்றவைத்த பிறகுதான் முதல் வெடி வெடிக்கும். அப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரனை நான் பார்த்ததில்லை.

"தெரியும்ங்க," என்றாள் பேச்சாயி. அழக்கூட இல்லை. "மருந்து இருக்கு. அது ஆத்தா மடியில இருக்கு. அங்கருந்துதான தெனம் எடுத்துக் குடுக்குறீங்க, அவரு கையில? ஆத்தா கோவிச்சுக்கிட்டா அது அவரத்தான மொதல்ல அடிக்கும்? அதான் ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, வெளக்கு வைக்கிறதா நேந்துக்கிட்டேன். இன்னும் ஒம்பது நாளுதான் இருக்கு. கெடுத்துறாதீங்க ஐயா."

"உள்ள நெருப்புக் கொண்டு போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"தொரையே நெருப்புப்பெட்டிய வெளிய வச்சிட்டுத்தான போறாரு. சுருட்டு நெருப்பு, பைப்பு நெருப்பு ஆத்தாவுக்கு ஆகாதுன்னுதான? வெளக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலியே." என் முகத்தைப் பார்த்தாள். "ஆத்தா இருக்கான்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள் பைத்தியக்காரி இல்லை. நான் சொன்னதை முழுசாக நம்பினவள், அவ்வளவுதான். சுருட்டை விரட்ட நான் போட்ட பூட்டை, அவள் திறந்த வாசலாக எடுத்துக்கொண்டாள். முப்பத்தொன்பது நாள் அந்த மலையில் இருந்த சனம் எல்லாம் உயிரோடு இருந்தது யார் செய்த புண்ணியமோ.

மறுநாள் காலை பலகையில் துரையின் பைப்புக்குப் பக்கத்தில் கருகின சாக்கை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பூட்ஸைக் கழற்றிய நிலையில் கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போலீசுக்கு எழுத வேண்டும் என்று காகிதத்தை எடுத்தார்.

"யார் சொன்னான், உள்ளே சாமி?"

"நான்தாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "சுருட்டு நின்னது அதாலே?"

"ஆமாங்க."

"நான் கேக்கலே, எப்படின்னு," என்றார். "கேட்டிருக்கணும்." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதம் போலீசுக்குப் போகவேயில்லை.

அன்று வேலையை நிறுத்தி, கோமுகியைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தோம். பிறகு எல்லாரையும் காலையில் ஆள் எண்ணப் பெரட்டுக்கு நிறுத்துகிற மாதிரி வெள்ளைக் கல் ஓரம் நிறுத்தி, நாலு நாலு பேராக வெறுங்காலோடு உள்ளே அனுப்பினார் துரை. பார்க்கட்டும், ஒன்றும் இல்லை என்று தெரியட்டும் என்றார். நான்தான் ஒவ்வொரு நாலு பேருக்கும் பீடத்தைக் காட்டி, "ஆத்தா இல்ல. நான் பொய் சொன்னேன்," என்று சொல்ல வேண்டும். நாணிக் குறுகிப்போனேன். சில பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர் என் காலடியில் துப்பிவிட்டுப் போனார். பேச்சாயி பீடத்தின்மேல் இருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வீரன்.

"அப்ப இத்தன நாளா இவரக் காப்பாத்துனது யாருங்க?" என்று கேட்டாள்.

துரை என்னைப் பார்த்தார். அவள் கேட்டதை இங்கிலீசில் சொன்னேன். அவர் குனிந்து தன் கம்பளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியாது," என்றார். அந்த மனிதர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நான் பேச்சாயியைத்தான் கவனித்தேன். வீரனைக் கவனிக்கவில்லை. கோயிலில் தனக்காக ஒரு விளக்கு எரிகிறது என்ற தைரியத்தில்தான் அவன் அத்தனை நாளும் நடந்து வந்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை குடைவுக்குள் ஏழு திரிக்கு நெருப்பு வைத்தவன், எட்டாவதுக்குக் குனிந்து, குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வெளியே நின்ற எங்களுக்கு அவன் காலடிச் சத்தம் கேட்டது. "வீரன் ஓடுறான்டா!" என்று யாரோ அலறினார்கள். அவன் ஓடி ஒருத்தரும் பார்த்ததில்லை. ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தான். முதல் வெடியில் பெயர்ந்த பாறை அவன் வலது காலில் விழுந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

என் பொய் யாரையும் கொல்லவில்லை. நான் சொன்ன உண்மை ஒரு காலை வாங்கிவிட்டது. இதை எந்தப் புது ஸ்டோர்கீப்பரிடம் போய்ச் சொல்வேன்?

புது ஸ்டோர்கீப்பர் வந்துபோன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை ரயிலேறி இறங்கி, தண்டவாளத்தோரம் நடந்து அந்தக் கோயிலுக்குப் போனேன். மருந்தெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது ரயில் லைன் பார்க்கிறவர்களின் சாமான் அறை அது. வாசலில் ஒருவன் கக்கத்துக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைவிளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். வீரன். கால் போனவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நான் வாசலுக்குப் போனதும் செருப்பைக் கழற்றினேன். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் நெருப்புப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தது.

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்று வீரன் சிரித்தான். "மருந்தும் இல்ல, சாமியும் இல்ல."

உள்ளே எட்டிப் பார்த்தேன். பீடத்தின்மேல் மண்ணெண்ணெய் டின்கள், மூன்று அடுக்கு. முதல் நாள் மாதிரியே திக்கென்றது. வெளியே வந்து வடக்குப் பக்கம் திரும்பினால், பன்னுச்செடிகளுக்கு நடுவில் ஒரு சுடர்.

பதறிப்போய் வெறுங்காலோடு ஓடினேன். ஒரு தட்டைக்கல்லின்மேல் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பேச்சாயி. தலை பாதி நரைத்துவிட்டது.

"ஏம்மா, உள்ள மண்ணெண்ணெய்ம்மா!"

"தெரியும்ங்க," என்றாள், அன்று சொன்ன அதே மாதிரி.

"உள்ள யாருமில்லன்னு ஒங் கண்ணாலதான பாத்த?"

"பாத்தேன். அதுக்கு? கால்தான போச்சு, ஆளு இருக்காருல்ல?" திரியைத் தூண்டிவிட்டாள். "சட்டப்படிதாங்க வச்சிருக்கேன். வேணும்னா எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். இந்த வயதில், அவள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் குதிகாலை ஒட்டி வைத்துத் தப்படி போட்டேன். நாற்பதில் அந்தத் தட்டைக்கல் வரவில்லை. நாற்பத்தொன்றில் வந்தது.

"ஒண்ணு கூட இருக்கே," என்றேன்.

"நாப்பது தொரை சொன்னது," என்றாள் பேச்சாயி. "மேல ஒண்ணு, நீங்க சொன்னத நம்பினதுக்குத் தெண்டம்."